கருப்பு வெள்ளைக்கு எந்த மென்பொருள் எடுக்கலாம்?

நண்பர்களே, ரா கோப்புகளை (கேமரா பதிவு செய்த, சுருக்காத மூலப் படங்கள்) கருப்பு வெள்ளையாக்க நல்ல மென்பொருள் சொல்லுங்கள். சாச்சுரேஷனை (நிற அடர்த்தி) பூஜ்யமாக்கினால் சிவப்புப் புடவையும் பச்சை வாழையிலையும் ஒரே சாம்பலாகிவிடும், அது வேண்டாம். நிறம் நிறமாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

சிக்கல் வானத்தில்தான். அதை இருட்டாக்க நீலத்தை ரொம்ப இறக்கினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்புகிறது, கோபுர விளிம்பில் வெள்ளைக் கோடு விழுகிறது. 8 பிட் ஜேபெக் (நிறப் படிகள் குறைவான சாதாரணப் படக் கோப்பு) என்றால் வானம் பட்டை பட்டையாகவே பிரிந்துவிடும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில், சாம்பலில் ஒவ்வொரு நிறத்தின் பங்கையும் சிவப்பு 0.6, பச்சை 0.3, நீலம் 0.1 என்று வைத்தால் முகம் தெளிகிறது, ஆனால் உதடு வெளுக்கிறது. உதட்டை மட்டும் மாஸ்க் போட்டு (அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து) சரிசெய்ய முடியுமா?

முகத்தை மட்டும் தனியாக வெளிச்சமாக்க, சில்வர் எஃபெக்ஸ் என்ற கட்டண மென்பொருளின் கன்ட்ரோல் பாயிண்ட் (படத்தில் ஓர் இடத்தில் புள்ளி வைத்து அந்தப் பகுதியை மட்டும் மாற்றும் வசதி) எளிது. காசு கொடுத்தே வாங்கலாமா? கணினியில் 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.