கேபிளைத் தொட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறுது, உதவுங்க

புதுக்கம்பி: ஹாம் ரேடியோவுக்கு 40 மீட்டர் அலைவரிசை டைபோல் (நடுவுல கேபிள் சேர்ற ரெண்டு கைக் கம்பி ஆன்டெனா). நேத்து எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்புற சக்தி எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற அளவு, 1க்குக் கிட்ட இருந்தா நல்லது) 1.4. இன்னிக்கு கோஆக்ஸ் கேபிளைப் பிடிச்சா 2.2க்கு ஓடுது. மைக்ல உதடு பட்டா சுருக்குனு கடிக்குது. கம்பியை வெட்டணுமா? அவசரம்.

வால்வுவாசி: கேபிள் எவ்வளவு நீளம்? எத்தனை வாட்? நடுவுல பலூன், அதான் ஆன்டெனாவையும் கேபிளையும் சமன்படுத்திச் சேர்க்கிற சாமான், இருக்கா? இங்க யாரும் ஜோசியம் பாக்குறதில்ல தம்பி.

அரையலை: கேபிளை அரை அலைக்கு வெட்டுங்க. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 21.1 மீட்டர், கேபிளுக்குள்ள அலை மெதுவாப் போறதால அதை 0.66ஆல பெருக்கினா 13.9. எனக்கு எப்பவும் பலிச்சிருக்கு.

சுருள்: நீளத்தை மாத்தினா எஸ்.டபிள்யூ.ஆர். மாறுதுன்னா கேபிளே ஆன்டெனா ஆயிடுச்சுன்னு அர்த்தம். டைபோலோட ரெண்டு கையும் சமம், கோஆக்ஸ் அப்படி இல்ல. ரேடியோ அலைவெண்ல மின்னோட்டம் மேல்தோல்லயே ஓடுறதால கேபிளைச் சுத்தியிருக்கிற கம்பி வலைக்கு உள்பக்கம் ஒரு பாதை, வெளிப்பக்கம் தனிப் பாதை. உச்சியில கொஞ்சம் வெளிப்பக்கமா வழிஞ்சு உங்க ரேடியோவுக்கே இறங்குது. நேத்துக்கும் இன்னிக்கும் என்ன மாத்தினீங்க?

புதுக்கம்பி: ஒண்ணும் மாத்தல. ராத்திரி எர்த் கம்பி போட்டேன், 6 மீட்டர். கேபிள் 15. 100 வாட். பேலன் இருக்கு, மஞ்சள் வளையத்துல கேபிளையே 6 சுத்து.

சுருள்: 'ஒண்ணும் மாத்தல'யா! 15+6=21, சரியா அரை அலை. வெளிப்பக்கத்துக்கு 0.66 கணக்கு கிடையாது. அடியில எர்த், அதனால உச்சியிலயும் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு வர்ற தடை) குறைவு, மின்னோட்டம் வழுக்கிட்டு இறங்கும். எர்த்தைக் கழட்டிடாதீங்க, மாத்த வேண்டியது வளையம். மஞ்சள்னா இரும்புத்தூள், 6 சுத்துக்குச் சில பத்து ஓம்தான் வரும். ஆயிரக்கணக்குல வேணும். 2.4 அங்குல ஃபெரைட் வளையம், 31 ரகம், 12 சுத்து.

அரையலை: வால்வுவாசி, அது பலூன் இல்ல, பேலன். ஊதுறதுக்கா கட்டுறோம்?

வால்வுவாசி: நீங்க பொறக்கறதுக்கு முன்னாலயே நான் பலூன்னு சொல்லித்தான் சுத்தினேன்.

அரையலை: பேலன்ஸ்டு, அன்பேலன்ஸ்டு ரெண்டையும் ஒட்டின பேரு அது. 'லூ' எங்கிருந்து வந்துச்சு?

சுருள்: இதுல மாட்டியிருக்கிறது சோக், வெளிப்பக்க மின்னோட்டத்தைத் தடுக்கிற சுருள். பேர்ச்சண்டையை வேற இழையில வச்சுக்கோங்க.

வால்வுவாசி: சோக்கும் ஒரு பலூன்தான்.

புதுக்கம்பி: 31 கிடைச்சுது, 12 சுத்து. பிடிச்சாலும் 1.5லயே நிக்குது, கடி இல்ல. நன்றி.

அரையலை: கேபிளை வெட்டினீங்களா?