பிளாக்மெயில் (1929): மௌனமா, பேசும் படமா, எதை முதலில் பார்ப்பது?

பாதிடிக்கெட்:
ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' பார்க்கலாம் என்று தேடினால் ஒரே வருஷத்தில் இரண்டு பதிப்பு வந்திருக்கிறது, ஒன்று மௌனம், ஒன்று பேசும் படம். எதில் தொடங்கலாம்? சார்லஸ் பென்னட்டின் மேடை நாடகத்திலிருந்து எடுத்தது என்பதால் நாலு சுவருக்குள் பேசியே கொன்றுவிடுமோ என்று ஒரு பயமும் இருக்கிறது. முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ராத்திரிஷோ:
பேசும் படம்தான், யோசிக்கவே வேண்டாம். கொலை நடந்த மறுநாள் காலை நாயகி ஆலிஸின் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள், தெரிந்த பெண் ஒருத்தி கதவருகே நின்று அந்தக் கொலையைப் பற்றியே வளவளவென்று பேசுகிறாள், போகப்போக மற்றதெல்லாம் மங்கி வெறும் முணுமுணுப்பாகி 'கத்தி' 'கத்தி' என்பது மட்டும் காதில் குத்துகிறது. அந்த நேரம் பார்த்து அப்பா ரொட்டி நறுக்கச் சொல்கிறார். ஒலி வந்த புதிதிலேயே இப்படி! கொலை நடக்கும் ஓவியன் அறைக் காட்சியில் நாடக வாடை அடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பத்தில் போலீஸ் ஒருவனைப் பிடித்து வரும் பகுதியில் பேச்சே கிடையாது, கேமராவே எல்லாம் சொல்லிவிடும்.

நிழல்படம்:
நான் மௌனப் பதிப்புக் கட்சி. படம் மௌனமாகத்தான் ஆரம்பித்தது, ஒலி நடுவில் வந்து சேர்ந்தது. ஆலிஸாக நடித்த ஆனி ஓண்ட்ராவின் செக் உச்சரிப்பு லண்டன் கடைக்காரர் மகளுக்குப் பொருந்தவில்லை, பிறகு டப் செய்யவும் அன்று வழியில்லை. அதனால் ஜோன் பேரி கேமராவுக்கு வெளியே நின்று வசனம் பேச, ஓண்ட்ரா வாயசைத்தார். அவர் முகத்தில் ஒரு தயக்கம் தெரியும், அது பயமா, வசனத்துக்குக் காத்திருப்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மௌனத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. தவிர, அன்று பிரிட்டனில் பல தியேட்டர்களில் ஒலிக்கருவியே இல்லை, நிறையப் பேர் பார்த்தது இதைத்தான்.

பாதிடிக்கெட்:
சரி, மௌனத்தில் ஆரம்பிக்கிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு துரத்தல் இருக்கிறதாமே, உள்ளே போய் எடுத்தார்களா?

ராத்திரிஷோ:
உள்ளே வெளிச்சம் போதாது. நின்று நிதானமாகப் புகைப்படம் எடுத்து, அதைச் சாய்த்து வைத்த கண்ணாடியில் பிரதிபலிக்கவிட்டு, நடிகர் தெரியவேண்டிய இடத்தில் மட்டும் ரசத்தைச் சுரண்டி எடுத்தார்கள். ஷுஃப்டான் முறை என்பார்கள். தயாரிப்பாளர்களுக்குத் தெரியாமலே செய்ததாக ஹிட்ச்காக் பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார், அந்தத் துணிச்சலை என்ன சொல்ல. அப்புறம், சுரங்க ரயிலில் ஒரு வாலுப் பையனிடம் மாட்டிக்கொண்டு படிக்க முடியாமல் தவிக்கும் குண்டு மனிதரை விட்டுவிடாதீர்கள், ஹிட்ச்காக்கேதான்.