ஒரு மணி அடித்து அறுந்துபோன அழைப்புகள்

சிவகாசியில் காலண்டர் அச்சிடும் அச்சகம் ஒன்றில் ஆர்டர் எடுக்கும் மேசை என்னுடையது. ஆடிப் பதினெட்டில் காலண்டர் மாதிரிகள் அடங்கிய புதிய ஆல்பம் வெளிவந்துவிட்டால் அலுவலகத் தொலைபேசி ஓயாது. பைண்டிங் பகுதிக்கும் மேசைக்கும் நான் ஓடுவதைப் பார்த்து, முதலாளி அண்ணாச்சி கார்ட்லெஸ் போன் ஒன்று வாங்கித் தந்தார். வெளி லைனை அலுவலகத்தின் உள் போன்களுக்குப் பிரித்துத் தரும் இன்டர்காம் பெட்டியிலிருந்து வரும் பழைய வயரிலேயே அதை மாட்டினோம்.

ஆர்டர்களுக்கு நடுவே கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று இடைவிடாத தொல்லை. மெனுவைத் துழாவினேன். எண் இல்லாத அழைப்புகளைத் தடுக்கும் வசதி ஒன்று இருந்தது. இயக்கினேன். மறுநாள் முதல் நிம்மதி. அந்த நிம்மதியைச் சந்தேகிக்காமல் விட்டேனே என்பது இன்றும் உறுத்துகிறது.

நான்காம் நாள், தேனியிலிருந்து பழைய வாடிக்கையாளர் அண்ணாச்சியின் கைப்பேசிக்கே பேசிவிட்டார்: "ஆபீஸுக்கு அடித்தால் ஒரு மணியோடு அறுந்துபோகிறது அண்ணாச்சி. மூன்று நாளாகப் பார்க்கிறேன். உங்களுக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே?"

வந்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்தேன். வரிசையாகத் தேதியும் நேரமும் மட்டும். காலை 10.12, 10.15, 10.31. ஒரு வரியில்கூட எண் இல்லை. கை நடுங்கிவிட்டது. எங்கள் இன்டர்காம் பெட்டி, அழைப்பவரின் எண்ணை உள் இணைப்புகளுக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே போனுக்கு எல்லாருமே எண் இல்லாதவர்கள்தான். முதல் மணி அடிக்கும் நேரத்தில் எண் வருகிறதா என்று பார்க்கும், வராவிட்டால் துண்டித்துவிடும். நான் சொன்னதைக் கருவி சரியாகத்தான் செய்திருக்கிறது.

உடனே அந்த வசதியை அணைத்தேன். போனை வெளி லைனில் நேரடியாக மாற்றினோம். தொலைபேசி நிலையத்தில் எழுதிக் கொடுத்து, அழைப்பவர் எண் தெரியும் வசதியையும் பெற்றோம். திரையில் முதல் எண் தெரிந்த பிறகுதான் தடுப்புப் பட்டியலைத் தொட்டேன். விளம்பர அழைப்புகளுக்கான, 140 என்று தொடங்கும் எண் வரிசையை முன்னிலக்கத்தைக் கொண்டே தடுக்க எங்கள் போனில் இடம் இருக்கிறது. 1600 வரிசையைத் தொட வேண்டாம். அது வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கானது. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து தொல்லை தருபவர்களை ஒவ்வொருவராகத்தான் சேர்க்க வேண்டும். திரையில் எண் எப்படித் தெரிகிறதோ, முன்னால் 0 இருந்தால் அந்த 0 உட்பட, அப்படியே சேர்ப்பது நல்லது. 1909-க்கு அழைத்து விளம்பர அழைப்பு வேண்டாம் என்றும் பதிந்துவைத்தேன்.

திருப்பி அழைப்பதில் வேறொரு சிக்கல். 2021 ஜனவரி 15 முதல் தரைவழியிலிருந்து கைப்பேசிக்கு 0 சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். பட்டியலில் 0 இல்லாமல் பதிவான எண்ணை அப்படியே அழுத்தினால் போகாது. பழைய டைரியிலிருந்து ஏற்றிய இருநூறு எண்களுக்கும் உட்கார்ந்து 0 சேர்த்தேன்.

வெளிநாட்டு அழைப்பு போகாதபடி 00-ஐயும் பூட்டினேன். 0000 என்றிருந்த போனின் ரகசிய எண்ணை மாற்றி, புதியதை அண்ணாச்சியின் கணக்கு நோட்டில் எழுதிவைத்திருக்கிறோம்.

அந்த மூன்று நாள் பட்டியலில் இருந்தவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வழக்கமாக ஆடியில் பேசுபவர்களின் பெயர்களை டைரியில் பார்த்து, ஒவ்வொருவருக்கும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதினோரு பேர் பாக்கி.