தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைப் பெரிய பைக்கு எப்போது மாற்றுவது?

கேள்வி: உறையூர் மாடித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். ஆடிப்பட்டத்திற்காக 98 குழிகள் கொண்ட நாற்றுத்தட்டில், தென்னை நார்க்கழிவை நிரப்பி, பி.கே.எம். 1 தக்காளி, கே 1 மிளகாய், மணப்பாறை நாட்டுக் கத்தரி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் விதைத்தேன். இப்போது தக்காளி நான்கு இலைகளுடன் சற்று நெடுநெடுவென்று நிற்கிறது; கத்தரி அகலமான இரண்டு இலைகளோடு இருக்கிறது; மிளகாயோ முளைத்து நிமிர்ந்ததோடு சரி. தக்காளியில் சில நாற்றுகளின் அடி இலைகள் வெளிறத் தொடங்கியிருப்பதுதான் எனக்குக் கவலையாக உள்ளது.

விதை வாங்கிய கடையில் எல்லாவற்றையும் 25 நாளில் எடுத்து நடலாம் என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மா, ஒரு சாண் உயரம் வரும்வரை தொடக்கூடாது என்கிறார். எதைக் கணக்காகக் கொள்வது? நாள், உயரம், இலையின் எண்ணிக்கை இவற்றில் எதை நம்பலாம்? மேலும், நேரடியாக 15 அங்குலப் பைக்கு மாற்றலாமா, அல்லது இடையில் ஒரு சிறிய தொட்டியில் வைத்து வளர்த்துவிட்டு மாற்ற வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கோவை, நாற்றங்கால் பணியாளர்

வணக்கம் சகோதரி. நீங்கள் குறிப்பிட்ட மூன்றுமே மேலே தெரிகிற அடையாளங்கள். நாற்றை மாற்றும் நேரத்தைத் தீர்மானிப்பது கீழே இருக்கிற வேர். நாற்றுத்தட்டில் வளர்கிற தக்காளி சுமார் 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்குத் தயாராகும் என்பது பொதுவான கணக்கு. எனவே ஒரே நாளில் விதைத்தவற்றை ஒரே நாளில் நட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அந்தக் கணக்குகூட, எந்த நாளில் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். நட வேண்டுமா என்பதை வேரைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

பார்க்கும் முறை எளிது. காலையில் தட்டுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நார்க்கழிவு சொதசொதப்பு நீங்கி ஈரமாக மட்டும் இருக்கும் வேளையில், ஒரு குழியின் அடித்துளை வழியாகப் பென்சிலின் மழுங்கிய முனையால் மெல்ல மேலே தள்ளுங்கள். வெளிவரும் நாற்றை இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். ஓர் இலை கிழிந்தால் செடி வேறு இலை விட்டுக்கொள்ளும். இளந்தண்டு நசுங்கினால் அந்த நாற்று பெரும்பாலும் தேறாது.

வெளிவந்த வேர்க்கட்டி உங்கள் உள்ளங்கையில் உதிர்ந்து போனால் இன்னும் நேரம் ஆகவில்லை. திரும்ப வைத்து அழுத்திவிட்டுச் சில நாள் கழித்து வேறொரு குழியைப் பாருங்கள். வெள்ளை வேர்கள் பக்கங்களில் வலைபோல் ஓடி, குழியின் வடிவம் குலையாமல் நின்று, வேர்களுக்கிடையே நார்க்கழிவும் கண்ணுக்குத் தெரிந்தால் அதுதான் நடவேண்டிய நேரம். நார்க்கழிவே தெரியாத அளவுக்கு வேர் சுற்றிச் சுற்றி ஓடி, நுனிகள் பழுப்பேறத் தொடங்கியிருந்தால் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நாற்றும் பிழைக்கும். ஆனால் வேர் வட்டமாகவே ஓடப் பழகிவிடுவதால் புது மண்ணுக்குள் இறங்கத் தயங்கும். அப்படிப்பட்டவற்றின் அடிப்பகுதியை மட்டும் விரலால் லேசாகப் பிரித்துவிட்டு நடுங்கள்.

இலை வெளிறுவதைப் பற்றி ஒரு விளக்கம். முளைக்கும்போது முதலில் விரிகிற இரண்டு வித்திலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அவற்றுக்கு மேலே, ஓரம் வெட்டுப்பட்டுத் தக்காளி இலையின் வடிவத்தோடு வருகிறதே, அந்த உண்மை இலைகளில் கீழ்வரிசை வெளிறினால் அது பசி. தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர, அதில் செடிக்கு ஊட்டம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. லிட்டருக்கு 5 கிராம் என்ற அளவில், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தைக் கரைத்து ஒருமுறை தட்டில் ஊற்றலாம். இயற்கை முறையில் வளர்ப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கலாம். இதனால் பச்சை திரும்பி, வேர்க்கட்டி உருவாகும்வரை உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். வெளிறிவிட்டதே என்று அவசரப்பட்டு, வேர் பிடிக்காத நாற்றைப் பிடுங்கி நடாதீர்கள்.

பதில் 2: விழுப்புரம், வீட்டுத்தோட்டம்

மேலே உள்ள பதில் வேரைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டதால், பையின் அளவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சின்னஞ்சிறு நாற்றைப் பெரிய பையில் வைப்பதால் வரும் கெடுதல் இடத்தால் வருவதில்லை, தண்ணீரால் வருகிறது. பை நிறைய மண்கலவை இருக்கும். அதில் உள்ள ஈரத்தை உறிஞ்ச ஒரு பிடி வேர்தான் இருக்கும். நாமோ மேல்மண் காய்ந்ததைப் பார்த்துத் தினமும் ஊற்றிக்கொண்டே இருப்போம். அடியில் ஈரம் தேங்கி, காற்றோட்டம் குறைந்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்துச் சாயும். நாற்றழுகல் என்று நாம் சொல்லும் நோய் பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது.

ஆகவே மிளகாயை மட்டுமாவது இடையில் ஒரு கோப்பைக்கு மாற்றுங்கள் என்பது என் கருத்து. மிளகாய் மெதுவாக வளர்வது. தட்டின் குழியில் இடம் போதாமல் போகும் காலத்திலும் பெரிய பையை நிரப்பும் வலு அதற்கு வந்திருக்காது. அடியில் துளையிட்ட பெரிய காகிதக் கோப்பையோ, தயிர் வாங்கிய டப்பாவோ போதும். தக்காளிக்கு இது தேவையில்லை. அது பிடித்துக்கொண்டால் சில நாளிலேயே வேரை ஓடவிட்டுவிடும். கத்தரியையும் நேரடியாக 12 அங்குலப் பைக்கு மாற்றலாம்.

நேரடியாகப் பெரிய பையில் வைப்பதாக இருந்தால், முதல் வாரத்தில் பை முழுவதும் நனையும்படி ஊற்றாமல், நாற்றைச் சுற்றி ஒரு சாண் வட்டத்திற்குள் மட்டும் ஊற்றி, செடி வளர வளர அந்த வட்டத்தை விரித்துக்கொண்டே போங்கள். கலவையில் வேப்பம்பிண்ணாக்கு சேர்ப்பதாக இருந்தால் அதை இப்போதே மண்ணோடும் மண்புழு உரத்தோடும் கலந்து, ஈரமாக்கி, நிழலில் வைத்துவிடுங்கள். பிண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும். வெள்ளைப் பூசணமும் பூக்கும். பத்துப் பதினைந்து நாளில் அது அடங்கிய பிறகு வேர் உள்ளே போவதுதான் நல்லது. கட்டியாக விற்கும் நார்க்கழிவைக் கலவையில் சேர்ப்பவர்கள் அதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை வெளியேற்றிய பிறகே சேர்க்க வேண்டும். நாற்றின் இலை நுனி கருகுவதற்கு அந்த உப்பும் ஒரு காரணம்.

பதில் 3: மதுரை, மொட்டைமாடி

விழுப்புரத்து நண்பரின் காரணம் சரியானதே. ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. திருச்சியிலும் மதுரையிலும் ஆடி மாதத்து மாடியில் ஒரு சிறு கோப்பை மதியத்திற்குள் காய்ந்துவிடும். வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்ற வழியில்லை. இடையில் ஒரு தொட்டி என்பது வீட்டிலேயே இருப்பவர்களுக்கும், கோப்பைகளை நிழல்வலைக்குள் வைக்க வசதியுள்ளவர்களுக்கும் பொருந்தும். மற்றவர்கள் மிளகாயைத் தட்டிலேயே சற்றுக் கூடுதலாக விட்டு, வாரம் ஒருமுறை நீர்த்த ஊட்டம் கொடுத்து, வேர்க்கட்டி இறுகிய பிறகு நேராகப் பைக்கு மாற்றுவதே பாதுகாப்பானது. பெரிய பையின் ஈரம் அழுகலுக்கு இடம் கொடுக்கும் என்பது உண்மை. அதே ஈரம்தான் ஆடிக்காற்றில் செடியைக் காப்பாற்றவும் செய்கிறது. ஊற்றும் அளவைக் கட்டுப்படுத்திக்கொண்டால் போதும்.

அம்மியையே பறக்கவைக்கும் என்று பெரியவர்கள் சொன்ன காற்று இது என்பதால், நாற்றைப் பழக்குவதை யாரும் குறிப்பிடாமல் விட்டது எனக்குக் குறையாகத் தெரிகிறது. நிழலில் வளர்ந்த நாற்றின் இலை மெல்லியது. அதை ஒரே நாளில் வெயிலிலும் காற்றிலும் கொண்டுபோய் வைத்தால், வேர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இலை வெளுத்துக் கருகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தட்டைக் காலை வெயிலில் முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே வாருங்கள். தண்ணீரையும் சற்றுக் குறையுங்கள்; வாட விடவேண்டாம், இலை லேசாகத் தளர்ந்தவுடன் ஊற்றுங்கள். தண்டின் அடிப்பகுதி கெட்டியாகி, தக்காளியில் அது சற்று ஊதா நிறம் கொள்வதைக் காணலாம். மாலை நான்கு மணிக்குப் பிறகு நட்டால் செடிக்கு ஓர் இரவு முழுவதும் ஓய்வு கிடைக்கும்.

ஆழத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெடுநெடுவென்று நிற்கும் தக்காளிக்கு ஒரு வசதி உண்டு: தண்டை மண்ணுக்குள் புதைத்தால் புதைந்த இடமெல்லாம் வேர்விடும். கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு மூன்று இலைகள் தெரியும்படி ஆழமாக நடுங்கள். மிளகாயையும் கத்தரியையும் அப்படிச் செய்யவேண்டாம். தட்டில் எந்த மட்டத்தில் இருந்தனவோ அந்த மட்டத்திலேயே வையுங்கள். நட்ட உடனே ஒரு குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டிவிட்டால், காற்றில் ஆடி ஆடிப் புது வேர் அறுபடுவது நிற்கும்.

உறையூர் மாடித்தோட்டம்

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி தக்காளியில் ஒன்றைத் தள்ளிப் பார்த்தேன். வெள்ளை வேர் வலைபோல் ஓடியிருக்கிறது, நார்க்கழிவும் தெரிகிறது. கத்தரி கையில் வைத்ததும் பாதி உதிர்ந்துவிட்டதால் அதைத் திரும்ப வைத்துவிட்டேன். தக்காளி நாற்றுகளைப் பழக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் மிளகாயில் நான்கைந்து நாற்றுகளின் கொழுந்து சுருண்டிருப்பதை இன்றுதான் கவனித்தேன். அவற்றையும் பைக்கு மாற்றினால் சரியாகிவிடுமா? நட்ட பிறகு செடி வாடினால் எந்த அளவு வரை பொறுத்திருக்கலாம்?

பதில் 4: கோவை, நாற்றங்கால் பணியாளர்

இடம் மாற்றுவதால் சுருட்டை சரியாகாது சகோதரி. கொழுந்தை விரித்து, இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். இலை ஓரம் மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டிருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். எதுவாயினும் அந்த நாற்றுகளை இன்றே தட்டிலிருந்து பிரித்துத் தனியே வைத்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். புதுக்கொழுந்து நேராக வந்த பிறகு மட்டும் நடுங்கள். தக்காளியில் இலை மேல்நோக்கிக் கிண்ணம்போல் சுருங்கி, மஞ்சள் ஓரத்தோடு செடியே குறுகி நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி. அதற்கு மருந்து கிடையாது. அத்தகைய நாற்றைத் தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள், பைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நடுவதற்கு முன் லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா தூள்) கலந்த தண்ணீரில் வேர்க்கட்டியை அரை மணி நேரம் நனைத்து எடுத்தால் அழுகல் நோயின் பயம் குறையும். நட்ட பிறகு முதல் சில நாள் நடுப்பகலில் இலை தொங்கி, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். வேர் இன்னும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நாள்களில் பகல் வெயிலுக்கு மட்டும் நிழல்வலையோ பழைய வெள்ளைத் துணியோ மேலே இருக்கட்டும். காலையிலேயே தொங்கியிருந்தால் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தும் தொங்கினால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, பையின் அடித்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். புது இலை ஒன்று விரியத் தொடங்கும்வரை உரம் எதுவும் வேண்டாம்.