‘குறிப்பான்’ வேண்டாம், ‘காட்டி’ என்போம்: வாய்த்தொண்டைப் புற்றுநோயும் வைரஸ் புரதமும்

எல்லோருக்கும் வணக்கம். டொன்சில் பக்கத்தில் வரும் வாய்த்தொண்டைப் புற்றுநோய் பற்றிய துண்டுப்பிரசுரத்தில், நோயைக் காட்டிக்கொடுக்கும் பொருளான ‘மார்க்கர்’ (marker) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று இங்கே கேள்வி வந்தது. மூன்று நாளாக ‘குறிப்பான்’ போதும், ‘தடயம்’ நல்லது, ‘சுட்டி’தான் சுருக்கம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு ரிப்போட்.

நிலாவெளிப் பக்கத்துப் பெடியன், இருபத்தைந்து வயதிருக்கும். தகப்பன் கடற்றொழில். தகப்பனின் கழுத்தில் நோவில்லாத ஒரு கட்டி, வலை இழுத்த பிடிப்பு என்று இரண்டு மாதம் எண்ணெய் போட்டிருக்கிறார்கள். பிறகு பயொப்சி செய்து பார்த்தால் டொன்சிலில் புற்றுநோய். மனிதர் சுருட்டும் இல்லை, வெற்றிலையும் இல்லை. நான் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போட்டில் ‘பி16 பொசிட்டிவ்’ (பி16 என்பது கட்டியில் தேடிப் பார்க்கிற ஒரு புரதம்) என்ற இடத்தில் நீலப் பேனையால் இரண்டு கோடு. “அன்ரி, பொசிட்டிவ் எண்டா நல்லதா கூடாதா?” என்று கேட்டான். போனில் தேடி ‘வைரஸ் குறிப்பான் நேர்மறை’ என்று ஒரு தமிழ்ப் பக்கத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தான். அதை வாசித்துவிட்டுத் தகப்பனுக்குத் தாய் தனிக் கோப்பை வைத்துவிட்டாவாம். வைரஸின் குறி இருக்கிறது, ஒட்டிவிடும் என்று அவவுக்கு விளங்கியிருக்கிறது.

‘குறிப்பான்’ மீது எனக்கு இருக்கும் குறை இதுதான். தமிழில் ‘குறி’ ஏற்கெனவே வேலை செய்து களைத்த சொல். நோய்க்குறி என்றால் நோயாளிக்குத் தெரிகிற காய்ச்சலும் நோவும். கோயிலில் குறி கேட்கிறோம். அதைவிட, ஆண்குறி பெண்குறி என்று உடலுறுப்புக்கும் அதுதான் சொல். இந்தப் புற்றுநோயை உண்டாக்குகிற எச்.பி.வி. (மனித பப்பிலோமா வைரஸ்) பாலுறவால் தொற்றும் வைரஸ் என்பதாலேயே இந்த நோய் வந்தவர்கள் வாய் திறக்கக் கூச்சப்படுகிறார்கள், அதற்கு மேல் ‘வைரஸ் குறி’ என்று ஒரு துண்டுப்பிரசுரத்தில் போட்டால் யார் அதைக் கையில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்?

‘சுட்டி’ எங்கள் பாடப்புத்தகத்தில் வேறு பொருளில் ஊறிப்போய்விட்டது, கணினி மேசையிலும் ஒன்று கிடக்கிறது. ‘தடயம்’ அழகான சொல், மறுக்கவில்லை, ஆனால் இங்கே தடயம் என்றால் பொலிசும் நீதிமன்றமும்தான் முதலில் நினைவுக்கு வரும், நோயாளியை அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை. ‘சான்று’ என்று எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சான்று என்றால் நிரூபணம். இந்தப் பரிசோதனைகள் எதுவும் தனியே நின்று நிரூபிப்பதில்லை. பி16 தெரிந்தும் வைரஸ் இல்லாத கட்டிகள் உண்டு, அதனால்தான் சில இடங்களில் அதோடு வைரஸின் மரபுப்பொருளையும் சேர்த்துத் தேடுகிறார்கள்.

ஆகவே என் விருப்பம் ‘காட்டி’. பள்ளிக்கூடத்தில் பாசிச்சாயத்தாளைத் தேசிக்காய்ச் சாற்றில் தொட்டுப் பார்த்த எல்லோருக்கும் காட்டி என்றால் என்னவென்று தெரியும். நிறம் மாறினால் ஏதோ ஒன்றைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பி16 பரிசோதனையும் கண்ணுக்கு அப்படித்தான். நீலமாகக் கிடக்கிற இழையத்தில் கபில நிறம் ஏறியிருக்கும், கருவிலும் குழியவுருவிலும் சேர்ந்து, நல்ல அழுத்தமாக. கட்டியின் கலங்களில் 100க்கு 70 அப்படி நிறம் பிடித்தால்தான் பொசிட்டிவ் என்று எழுதுவார்கள். நுணுக்குக்காட்டியில் (அதிலும் காட்டி இருக்கிறது பாருங்கள்) அதைப் பார்த்தால் சந்தேகமே வராது, பழைய செங்கல் சுவர் மாதிரி இருக்கும்.

‘காட்டிப் புரதம்’ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ‘கையைக் காட்டிப் பேசினான்’ என்பதைப்போல வினையெச்சமாகக் காதில் விழுகிறது. ‘புரதக்காட்டி’ என்று திருப்பிப் போட்டாலோ இன்னொரு சிக்கல். வழிகாட்டி வழியைக் காட்டுகிறது, நாட்காட்டி நாளைக் காட்டுகிறது. முன்னால் நிற்பது காட்டப்படும் பொருள். அந்தக் கணக்கில் புரதக்காட்டி என்றால் புரதத்தைக் காட்டுவது, சிறுநீரில் தோய்த்துப் பார்க்கிற பட்டிக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். தமிழே இங்கே ஒரு விதி தருகிறது, அதைப் பிடித்துக்கொண்டால் இந்த விடயத்தின் பெரிய குழப்பமும் தீர்ந்துவிடும் என்றுதான் நான் நினைக்கிறேன். எதைக் காட்டுகிறது என்பதை முன்னால் சொல்ல வேண்டும், காட்டுவது எது என்பதைப் பின்னால் சொல்ல வேண்டும்.

குழப்பம் என்னவென்றால், நாங்கள் ‘வைரஸ் புரதக் குறிப்பான்’ என்று ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டியவை மூன்று வேறு சாமான்கள். ஈ6, ஈ7 என்ற இரண்டும் வைரஸே செய்கிற புரதங்கள். ஈ6 பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கச் செய்கிறது, ஈ7 ஆர்பி என்ற புரதத்தைப் பிடித்து முடக்குகிறது, அப்புறம் கலம் பிரிவதை நிறுத்த ஆளில்லை. ஆனால் பி16 வைரஸின் புரதமே இல்லை. அது எங்கள் உடம்பின் சொந்தப் புரதம். கோணேசர் கோயில் மலை இறக்கத்தில் சைக்கிள் விடுகிறவன் பிரேக் கம்பி அறுந்தது தெரியாமல் பிடியை இன்னும் இன்னும் இறுக்குவான் அல்லவா, அப்படி ஆர்பி முடங்கியதும் கலம் பி16ஐச் செய்து குவிக்கிறது. அதாவது பி16 காட்டுவது வைரஸ் அங்கே செய்த வேலையை. மூன்றாவது, ஈ6க்கு எதிராக இரத்தத்தில் தோன்றும் பிறபொருளெதிரி (அன்ரிபொடி). எச்.பி.வி.16இன் ஈ6க்கான இந்தப் பிறபொருளெதிரி, சிலரில் நோய் கண்டறியப்படுவதற்கு 10 வருடத்துக்கு முன்பே இரத்தத்தில் இருந்திருக்கிறது, சேமித்து வைத்த பழைய இரத்த மாதிரிகளைப் பிறகு எடுத்துப் பார்த்துத்தான் இதைக் கண்டார்கள். இழையத்தில் ஈ6, ஈ7 புரதங்களை நேராக நிறமூட்டிப் பார்ப்பது கடினம், அளவு மிகக் குறைவு. அதனால்தான் பி16க்கு இத்தனை மவுசு.

எனவே என் முன்மொழிவு: ஈ6, ஈ7 இரண்டும் ‘புற்றுக்காட்டி வைரஸ் புரதம்’. இரத்தத்தில் உள்ளது ‘புற்றுக்காட்டிப் பிறபொருளெதிரி’. பி16 மட்டும் ‘வைரஸ்காட்டிப் புரதம்’. சொல்லைப் பார்த்த உடனேயே எது யாருடையது, எதைக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். ‘குறிப்பான்’ என்று எழுதியிருந்தால் இந்த மூன்றையும் பிரிக்க ஒவ்வொரு தடவையும் ஒரு பந்தி விளக்கம் எழுத வேண்டும்.

இந்த விதி வேறு நோய்க்கும் தாங்குமா என்று எப்ஸ்டைன்-பார் வைரஸில் வைத்துப் பார்த்தேன். 1964இல் கண்டுபிடித்த வைரஸ் அது, தென்சீனத்தில் மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடு நெருங்கிய தொடர்புடையது. அங்கே அந்த வைரஸின் புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை இரத்தத்தில் தேடி, நோயின் அடையாளம் எதுவும் வெளியே தெரியாதவர்களையே பரிசோதிக்கிறார்கள். ‘புற்றுக்காட்டிப் பிறபொருளெதிரி’ அங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

தொண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே சனம் தொண்டைப் புற்றுநோய் என்று குரல்வளையையும் உணவுக்குழாயையும் சேர்த்தே சொல்லும். டொன்சில், நாக்கின் அடி, மெல்லண்ணம் இருக்கிற பகுதிக்கு ‘வாய்த்தொண்டை’ என்று விடாமல் எழுத வேண்டும், ஏனென்றால் பி16 வைரஸ்காட்டியாக நம்பத் தகுந்தது அந்த இடத்தில்தான். வெற்றிலை போட்டுக் கன்னத்தில் வருகிற வாய்ப் புற்றுநோயில் அதை அப்படி நம்ப முடியாது. எங்கள் பக்கத்தில் அதுதான் கூட.

‘வைரஸ்’ என்பதை ‘நச்சுயிரி’ ஆக்கச் சொன்ன ஐயாவிடம் நான் உடன்படவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த காலத்திலிருந்து இந்த இழுபறி இருக்கிறது. என் கணக்கில், நோயாளியின் வீட்டுக்குள் ஏற்கெனவே போய்விட்ட சொல்லை வெளியே எடுக்கக் கூடாது. 2017இலிருந்து இலங்கையில் பாடசாலைப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள், பதினொரு வயதுப் பிள்ளைக்கும் வைரஸ் என்ற சொல் தெரியும். ‘நச்சு’ என்று சேர்த்தால் பயம்தான் கூடும்.

சரி, பெடியன் கேட்ட கேள்விக்கு என்ன சொன்னேன் என்று எழுதிவிடுகிறேன். “உங்கட அப்பான்ர கட்டியில வைரஸ்காட்டி தெரியுது. வந்தது புற்றுநோய்தான், ஆனா இந்த வகை வைத்தியத்துக்கு நல்லாக் கேக்கும். அம்மாட்டச் சொல்லுங்கோ, கோப்பையால இது பரவாது.” 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முற்றிய நிலை வாய்த்தொண்டைப் புற்றுநோயாளரில் எச்.பி.வி. இருந்தவர்கள் மூன்று வருடத்தின் பின் 100க்கு 82 பேர் உயிரோடு இருந்தார்கள், இல்லாதவர்களில் 57 பேர். அந்த எண்களை அவனுக்குச் சொல்லவில்லை, தகப்பனின் மற்ற விபரங்கள் எனக்குத் தெரியாது.

‘பொசிட்டிவ்’ என்பதற்கு ‘நேர்மறை’ வேண்டாம், ‘தெரிகிறது / தெரியவில்லை’ என்றே எழுதுவோம் என்பது என் அடுத்த கேள்வி. ரிப்போட்டில் வினைமுற்று வரலாமா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். துண்டுப்பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தை அதற்காக இன்னும் அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.