ஆர்பிஜி மேக்கர் எம்ஸெட்: உரையாடல் பெட்டியில் தமிழ் எழுத்துகள் பிரிந்து விழுகின்றன

கேள்வி

வணக்கம். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான ஆர்பிஜி மேக்கர் எம்ஸெட்டில் ஒரு சிறிய தமிழ் விளையாட்டை உருவாக்கி வருகிறேன். சண்டை, கடை, வரைபடம் எல்லாம் ஒழுங்காக இயங்குகின்றன. உரையாடல் பெட்டியில்தான் சிக்கல். ஊர்த்தலைவர் "கொஞ்சம் பொறு தம்பி" என்று பேசும்போது, எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் வேளையில் 'க' தனியாகவும், அதையடுத்துப் புள்ளி வட்டத்தின் இருபுறமும் கொம்பும் காலும் தனியாகவும் விழுகின்றன. இதே சொற்கள் உதவிச் சாளரத்தில் சரியாகத் தெரிவதால் எழுத்துருவில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. வரியின் தொடக்கத்தில் \> என்ற குறியை இட்டால் சரியாகிவிடுகிறது. ஆனால் வரி முழுவதும் ஒரேயடியாகத் தோன்றிவிடுகிறது. எழுத்தெழுத்தாக வரும் அழகை இழக்க மனமில்லை. வழி உண்டா? நீண்ட வரிகள் வலது ஓரத்தில் வெட்டுப்படுவதற்கும் தீர்வு தெரிந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி 1

எழுத்துருவில் குறையில்லை என்ற உங்கள் ஊகம் சரிதான். 'கொடு' நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்கோ 2965, 3018, 2975, 3009 என நான்கு குறியெண்கள் (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் தரும் எண்கள்). உரையாடல் சாளரம் ஒவ்வொரு குறியெண்ணுக்குப் பிறகும் நின்று, அதுவரை சேர்ந்ததை வரைந்துவிடுகிறது. \> இட்டால் வரி முழுவதும் சேர்ந்த பிறகே வரைவதால் எழுத்துகள் பிரிவதில்லை.

எம்ஸெட்டின் நிரலில், உரையாடல் பெட்டியைக் கவனிக்கும் விண்டோ மெசேஜ் (Window_Message) வகுப்பில் கேன்பிரேக்ஹியர் (canBreakHere) என்றொரு செயற்கூறு இருக்கிறது. இந்த இடத்தில் நிற்கலாமா என்று தீர்மானிப்பது அதுதான். ஒரு சிறு செருகுநிரல் (விளையாட்டோடு தனியாக இணைக்கும் துணைநிரல்) எழுதி, அடுத்து வரும் குறியெண் 3006 முதல் 3021 வரையிலோ 3031 ஆகவோ இருந்தால் 'கூடாது' என்று விடையளிக்கும்படியும், மற்ற நேரங்களில் பழைய செயற்கூற்றையே அழைக்கும்படியும் செய்யுங்கள். உயிர்க்குறிகளும் புள்ளியும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். எம்ஸெட்டின் மூலக் கோப்பைத் திருத்தாதீர்கள். புதுப்பிக்கும்போது உங்கள் மாற்றம் அழிந்துவிடும்.

மறுமொழி 2

நண்பர் சொன்னதோடு, எழுத்தின் நிறத்தை மாற்ற வரியின் நடுவே இடும் நிறக் குறியையும் கவனியுங்கள். அது வந்த இடத்தில் அதுவரை சேர்ந்தது வரையப்பட்டுவிடும். 'வாளை' என்ற சொல்லில் பொருளின் பெயருக்கு மட்டும் நிறம் கொடுக்க எண்ணி 'ள'வுக்கும் 'ை'க்கும் நடுவே குறியை இட்டால் எழுத்து மீண்டும் உடையும். சொல் முழுவதற்கும் நிறம் கொடுங்கள். பெயரைத் தரவிலிருந்து எடுத்து இடும் வரிகளில் வேற்றுமை உருபே வராதபடி எழுதுவது இன்னும் நல்லது: 'வாள்ஐப் பெற்றாய்' என்று வந்து நிற்பதைவிட 'வாள் கிடைத்தது' எவ்வளவோ மேல்.

நீண்ட வரியை மடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வரி மடிப்பு எம்ஸெட்டில் தானாக நடப்பதில்லை. இடைவெளிகளில் பிரித்து, ஒவ்வொரு சொல்லின் அகலத்தையும் முழுச் சொல்லாகவே அளந்து, இடம் போதாத இடத்தில் வரி முறிப்பைச் சேருங்கள். துண்டுகளாக அளந்து கூட்டினால் கணக்கு தவறும். பெட்டியில் பேசுபவரின் முகப்படம் இருந்தால் இடப்புறம் 164 படப்புள்ளிகள் போய்விடும். பெட்டி இயல்பாக நான்கு வரிதான் கொள்ளும் என்பதால் நீண்ட பேச்சை இரண்டு பெட்டிகளாகப் பிரித்துவிடுங்கள். படிப்பவருக்கும் அதுவே எளிது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. செருகுநிரலைச் சேர்த்ததும் ஊர்த்தலைவர் தெளிவாகப் பேசுகிறார். 'பக்ஷி' என்ற சொல் மட்டும் 'க்' தோன்றி, பிறகு 'ஷி' தனியாக வருகிறது.

மறுமொழி 1

புள்ளிக்குப் பிறகு வரும் 'ஷ' அந்த எல்லைக்குள் இல்லாததே காரணம். அடுத்த குறியெண் 2999 ஆகவும், முந்தைய இரண்டும் 2965, 3021 ஆகவும் இருந்தால் அங்கும் நிற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேருங்கள். 'ஸ்ரீ' வருமானால் 3000, 3021 ஆகியவற்றுக்குப் பின் வரும் 2992-க்கும் இதையே செய்யுங்கள்.

விளையாட்டைப் பிறருக்குக் கொடுக்கும் முன், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துரு ஒன்றை எழுத்துருக் கோப்புறையில் வைத்து, முதன்மை எழுத்துருவாக அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் அவரவர் கணினியில் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு வந்து உட்கார்ந்து, நீங்கள் பார்த்துப் பார்த்து மடித்த வரிகள் மறுபடியும் ஓரத்தைத் தாண்டும்.