தெரிந்துகொள்ளுதலும் இரட்சிப்பும்: இளைஞர் வகுப்பில் எப்படி விளங்கப்படுத்துவது?

சுண்டுக்குளி வாசகர்

இளைஞர் வேதப்பாட வகுப்பில் எபேசியர் 1 எடுக்க வேண்டும். இரண்டு கிழமை, கிழமைக்கு முக்கால் மணித்தியாலம். எல்லாரும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள். மெதடிஸ்த பிள்ளைகளும் தென்னிந்திய திருச்சபைப் பிள்ளைகளும் கலந்து வருகிறார்கள். "கடவுள் முன்னமே தெரிந்துகொண்டார் என்றால் நான் விசுவாசிப்பதில் என்ன இருக்கு? நான் அதில் இருக்கிறேனா என்று எப்படி அறிவது?" இந்த இரண்டு கேள்வியும் கட்டாயம் வரும். எங்கே தொடங்கலாம்?

தெல்லிப்பழை வாசகர்

சொல்லிலிருந்து தொடங்குங்கள். பழைய மொழிபெயர்ப்பில் 4-ஆம் வசனம் "தெரிந்துகொண்டபடியே" என்கிறது. இன்றைய பிள்ளைக்கு அது "அறிந்துகொண்டார்" என்றுதான் கேட்கும். உலகம் உண்டாக முன்னமே கடவுள் எங்களைப் பற்றி அறிந்திருந்தார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்கள். கிரேக்கத்தில் அது எக்லெகொமாய்: பலவற்றிலிருந்து தனக்கென்று எடுத்துக்கொள்வது. எங்கட வழக்கில் "தெரிவு".

அந்தச் சொல்லிலும் ஒரு வில்லங்கம் இருக்கு. உயர்தரப் பிள்ளைக்குத் தெரிவு என்றால் பல்கலைக்கழகம், இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி. புள்ளி எடுத்தவன் உள்ளே, எடுக்காதவன் வெளியே. இந்தப் படம் மனதில் இருக்கும்வரை எபேசியர் 1 விளங்காது. அதனால் அங்கேயே ரோமர் 9:11-ஐ வாசிக்க விடுங்கள்: பிள்ளைகள் "இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலும்" இருக்கையிலே தெரிவு நடக்கிறது. பரீட்சை எழுத முன்னமே வந்த தெரிவு என்று சொன்னால் அவர்களே நிமிர்ந்து பார்ப்பார்கள்.

5-ஆம் வசனத்தின் "முன்குறித்தல்" வேறு சொல். எல்லை என்ற சொல்லடியிலிருந்து வந்தது. முன்கூட்டியே எல்லை வகுத்துத் தீர்மானிப்பது. எதற்காக என்பதை அந்த வசனமே சொல்கிறது: சுவிகாரபுத்திரர் ஆவதற்கு.

முதல் கேள்விக்கு வருவோம். தெரிவையும் இரட்சிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான் "நான் விசுவாசித்து என்ன" என்ற எண்ணம் வரும். ரோமர் 8:30-ஐக் கரும்பலகையில் எழுதுங்கள்: முன்குறித்தார், அழைத்தார், நீதிமான்களாக்கினார், மகிமைப்படுத்தினார். 2 தெசலோனிக்கேயர் 2:13-14 இன்னும் தெளிவு. தேவன் தெரிந்துகொண்டது இரட்சிப்படையும்படி. அது நடப்பது ஆவியானவர் பரிசுத்தமாக்குவதாலும் சத்தியத்தை விசுவாசிப்பதாலும். அழைப்பு வருவது சுவிசேஷத்தால். விசுவாசத்தை வெட்டி எடுத்துவிட்டு தெரிவை மட்டும் வைத்திருக்க வசனம் இடம் தரவில்லை.

பருத்தித்துறை வாசகர்

தெல்லிப்பழை அண்ணை சொல்விளக்கம் வடிவாகத் தந்திருக்கிறார். ஆனால் அது, தெரிவு முழுக்கத் தேவனுடைய தீர்மானமே என்ற சீர்திருத்தவாதி கல்வினின் வழி வாசிப்பு. மெதடிஸ்த பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மற்றதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரோமர் 8:29 "எவர்களை முன்னறிந்தாரோ" என்கிறது. ஒல்லாந்து இறையியலாளர் ஆர்மீனியஸ் வழி வந்தவர்கள், விசுவாசிப்பவர்களை முன்னறிந்து தேவன் தெரிந்துகொண்டார் என்பார்கள். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி அதோடு முந்திவரும் கிருபையை வைத்தார்: விழுந்துபோன மனிதன் தானாகத் திரும்ப முடியாது, கிருபை எல்லாரிடமும் முந்திப் போய் மறுமொழி சொல்ல முடிந்தவனாக்குகிறது. எல்லாரும் இரட்சிக்கப்படத் தேவன் விரும்புகிறார் என்ற 1 தீமோத்தேயு 2:4-ஐயும் அவர்கள் இதோடு சேர்த்து வாசிப்பார்கள். ஆகவே இதை "மனிதன் தன்னைத் தானே இரட்சிக்கிறான்" என்ற போதனையாகக் காட்டுவது பிழை. அப்படிச் சொல்லித்தான் பல வகுப்புகளில் சண்டை வருகிறது.

இந்தப் பிரிவு யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. 1658-இல் வந்த ஒல்லாந்தர், ஆர்மீனியஸ் வழியை மறுத்த 1618-19 டோர்ட் மாநாட்டுத் தீர்மானங்களை ஏற்ற சபையார். 1814-இல் வெஸ்லியன் மிசனரிமார், 1816-இல் தெல்லிப்பழைக்குக் கல்வின் வழி வந்த அமெரிக்க மிசன். எதிரெதிர் போதனைகள் இரண்டு வருட இடைவெளியில் வந்து இறங்கின. இதைப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் சொன்னாலே, பக்கத்தில் இருப்பவன் ஏன் வேறுமாதிரிக் கதைக்கிறான் என்று விளங்கும்.

வட்டுக்கோட்டை வாசகர்

இரண்டாவது கேள்வியை ஒருவரும் தொடவில்லை. உள்ளுக்குள் பயந்த பிள்ளை கேட்பது அதைத்தான். அதற்கு ஒரு முழுக் கிழமை ஒதுக்குங்கள்.

தெரிவை நேரே எட்டிப் பார்க்க ஒருவராலும் முடியாது. டோர்ட் தீர்மானங்களே (முதற் பகுதி, 12) தேவனுடைய மறைவானவற்றைத் துருவிப் பார்க்காமல் கனிகளைப் பார்க்கச் சொல்கின்றன: கிறிஸ்துவில் மெய்யான விசுவாசம், பிள்ளைக்குரிய பயபக்தி, பாவத்துக்காக வரும் துக்கம், நீதிக்கான பசிதாகம். இவை தன்னில் இன்னும் பலமாகத் தெரியவில்லை என்று வருந்துகிறவன் திகிலடைய வேண்டாம், ஜெபத்தையும் வசனத்தையும் விடாமல் பிடிக்கட்டும் என்று 16-ஆவது சொல்கிறது. மங்கியெரிகிற திரியை அவர் அணைக்கமாட்டார் என்ற வாக்கையும் அங்கே நினைவூட்டுகிறது. தன்னைத் தோண்டித் தோண்டிப் பார்க்கிற பிள்ளைக்கு அதைக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள்.

பிறகு எபேசியர் 1:3-14-இல் "கிறிஸ்துவுக்குள்", "அவருக்குள்" வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கிரேக்கத்தில் இந்தப் பகுதி முழுவதும் ஒரே வாக்கியம். கோடு போட்டு முடிக்கையில், தெரிவைத் தேடவேண்டிய இடம் எதுவென்று அவர்களே காண்பார்கள். அதன்பின் யோவான் 6:37. முதற்பாதியில் பிதா கொடுக்கிறார், பிற்பாதியில் "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை". இரண்டு பாதியையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். முதற்பாதியோடு நிறுத்தினால் பிள்ளை வீட்டுக்குப் பயத்தோடுதான் போகும்.

ஒரு எச்சரிக்கை: சைவ உறவினர் இல்லாத கிறிஸ்தவக் குடும்பம் இங்கே குறைவு. "அப்ப எங்கட அம்மம்மா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், தனியொருவரைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் தரப்படவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அங்கே தர்க்கம் செய்ய வேண்டாம்.

சுண்டுக்குளி வாசகர்

மிக்க நன்றி. இன்னும் ஒன்று: தெரிவு உண்மை என்றால் சுவிசேஷம் சொல்வது ஏன் என்று கேட்டால்?

தெல்லிப்பழை வாசகர்

அப்போஸ்தலர் 18:9-11. கொரிந்துவில் பவுலுக்குக் கர்த்தர் தரிசனத்தில் "பேசு, மவுனமாயிராதே" என்கிறார். காரணமும் சொல்கிறார்: "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு." அந்த ஆட்கள் யார் என்று பவுலுக்குச் சொல்லப்படவில்லை. அதைக் கேட்டபின் அவன் ஒரு வருஷமும் ஆறு மாதமும் அங்கேயே இருந்து உபதேசித்தான்.